கோடாரியால் அடித்த மாவு

மேலே சமையலறைப் பலகையில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் கெசாயா கோடாரியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வைத்துக்கொண்டாளே தவிர, அதைக்கொண்டு என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. எட்டு மாத வயிறு. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, எழுந்தால் நிமிர முடியவில்லை. அவள் வேலை செய்யும் க்ளைன் வீட்டு நிலவறையில், மேலே இருக்கும் அடுப்பின் பாரத்தைத் தாங்கக் கட்டிய செங்கல் வளைவுக்குள், புளிக்க வைத்த முட்டைக்கோஸ் பீப்பாய்க்குப் பின்னால், ஒரு சாக்கை விரித்து மூன்று நாளாகக் கிடந்தாள். பீப்பாயின் நாற்றம் குடலைப் பிடுங்கியது.

முதல் நாள் கெட்டிஸ்பர்க்குக்கு மேற்கே வயல்வெளியில் ஆரம்பித்த சண்டை, சாயங்காலத்துக்குள் தெருவுக்கே வந்துவிட்டது. வடக்கத்தி நீலச்சட்டைக்காரர்கள் சந்துசந்தாக ஓடிப்போய் ஊருக்குத் தெற்கே கல்லறை மேட்டில் ஏறிக்கொண்டார்கள். ஊர், அடிமைமுறைக்காகச் சண்டை போடும் தெற்கத்திச் சாம்பல்சட்டைக்காரர்கள் கைக்குப் போயிற்று. அன்றிலிருந்து இரு பக்கத்துச் சிப்பாய்களும் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்துகொண்டிருந்தார்கள். இரண்டாம் நாள் ராத்திரி காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது, முட்டைக்கோஸ் நாற்றத்தையும் மீறி வேறொரு நாற்றம் நிலவறை ஜன்னல் வழியாக வந்தது. கெசாயா மேலாடை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தாள்.

பயம் ஊரில் எல்லோருக்கும்தான் இருந்தது. ஆனால் வெள்ளைக்காரர்களுக்குக் குண்டு ஒன்றுதான் பயம். கெசாயாவுக்குக் குண்டு இரண்டாம்பட்சம். இந்தத் தெற்கத்திப் பட்டாளம் எல்லை தாண்டி வந்த நாளிலிருந்து, வழியில் கண்ட கறுப்பு மனிதர்களை, ஆண் பெண் குழந்தை என்று பாராமல், கயிற்றில் கட்டி வண்டியில் ஏற்றித் தெற்கே அனுப்பிக்கொண்டிருந்தது. ஓடிவந்த அடிமையா, சுதந்திரமாகவே பிறந்த ஆளா என்று யாரும் விசாரிக்கவில்லை. மாட்டைப் பிடித்துக்கொண்டு போகிறவன் அதன் பூர்வீகத்தையா கேட்பான்?

கெசாயா ஓடிவந்தவள்தான். வர்ஜீனியாவில் ஒரு பெரிய வீட்டுச் சமையலறையில் பிறந்து, அங்கேயே கரி பிடித்து வளர்ந்து, ஒரு குளிர்கால இரவில் கிளம்பி எல்லைக் கோட்டைத் தாண்டியவள். பிடிபட்டால் அவளோடு போகாது. தாய் எவன் சொத்தோ, வயிற்றில் இருப்பதும் அவன் சொத்து. அது அவர்கள் சட்டம். இங்கே பென்சில்வேனியாவில் பிறந்தால் அது மனுஷப் பிள்ளை. அவர்கள் வண்டியில் பிறந்தால் சரக்கு.

பிறகு ஏன் ஓடவில்லை என்று கேட்கலாம். ஜூன் மாதம் முழுவதும் ஓட்டம்தான். "வர்றாங்க, வர்றாங்க" என்று எவனாவது குதிரையில் கத்திக்கொண்டு போவான். கறுப்பர்கள் எல்லாம் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு மலைப்பக்கம் ஓடுவார்கள். தெற்கத்திப் பட்டாளம் எதுவும் வராது. திரும்பி வரும்போது ஜன்னலுக்கு ஜன்னல் வெள்ளைக்காரர்கள் நின்று, "அடுத்த ஓட்டம் எப்போ?" என்று சிரிப்பார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் இப்போது அவரவர் நிலவறையில் வாயை மூடிக்கொண்டு கிடந்தார்கள், அது வேறு விஷயம். கடைசித் தடவை கத்தல் வந்தபோது கெசாயாவின் கால் இரண்டும் பூசணிக்காயாக வீங்கியிருந்தன. புருஷன் எஃப்ரையிம், சிப்பாய்கள் பிடுங்காதபடி க்ளைன் ஐயாவின் குதிரைகளை ஓட்டிக்கொண்டு, அவர் தோல் கடைச் சரக்கையும் ஏற்றிக்கொண்டு, ஐயாவோடு ஆற்றுக்கு அப்பால் போயிருந்தான். இதுவும் புரளியாகத்தான் இருக்கும் என்று அவள் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் மிஞ்சியது அவளும் எஜமானி ஒட்டிலியா அம்மாளும்தான். ஒட்டிலியா ஜெர்மன் வம்சம். அந்தப் பக்கத்தில் 'டச்சுக்காரி' என்பார்கள். நல்ல மனசு, நீளமான வாய். கெசாயாவைக் கீழே ஒளித்துவைத்ததும் அவள்தான், மூன்று நாளாக ரொட்டித் துண்டும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்ததும் அவள்தான். "வாயத் தொறக்காதடி, தும்மல் வந்தா சாக்கக் கடிச்சுக்கோ" என்று ஒவ்வொரு தடவையும் தெருவுக்கே கேட்கிற குரலில் சொல்லிவிட்டுப் போவாள்.

இப்போது மூன்றாம் நாள் நண்பகல் ஆகப்போகிறது. காலையிலிருந்து கிழக்கே குன்றுப் பக்கம் வெடித்துக்கொண்டிருந்த துப்பாக்கிகள் திடீரென்று அடங்கியிருந்தன. அந்த அமைதிதான் கெசாயாவுக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. சத்தம் இருந்தவரை அவள் மூச்சு யாருக்கும் கேட்காது. இப்போது தன் நெஞ்சு அடித்துக்கொள்வதே மேலே கேட்டுவிடும்போல் இருந்தது. பலகை இடுக்கு வழியே பேச்சு தெளிவாக இறங்கி வந்தது.

"பயப்படாதீங்கம்மா. பொம்பளைங்க இருக்கற வீட்டுல நாங்க மரியாதையாத்தான் நடந்துக்குவோம்." பூட்ஸ்காரனின் குரல். வாசலில் ஆட்கள் அவனைக் 'கேப்டன்' என்று கூப்பிட்டது கேட்டிருந்தது. தெற்கத்தி இழுப்பு, படித்த இழுப்பு. "முட்டியில குண்டு உரசிடுச்சு. கொஞ்சம் உக்காந்துக்கறேன். என் ஆளுங்க ரெண்டு பேர் வாசல்லயே நிப்பாங்க. இவன் என் சமையல்காரன். டேய், ஓரமா நில்லு."

பூட்ஸுக்குப் பின்னால் ஒரு வெறுங்கால் சத்தம் நகர்ந்து ஓரமாகப் போய் நின்றதை கெசாயா கேட்டாள். கேப்டனின் அடிமை என்று புரிந்தது. தெற்கத்தி ஆபீசர்கள் படுக்கை, கெட்டில், ஆள் மூன்றையும் வீட்டிலிருந்தே கொண்டுவருவார்கள்.

"சாப்பிட என்னம்மா இருக்கு?"

"என்ன இருக்கும்?" ஒட்டிலியா ஆரம்பித்துவிட்டாள். "முந்தாநாள் வந்தவங்க கோழியத் தின்னாங்க. நேத்து வந்தவங்க கோழிக்கூட்டப் பிரிச்சு அடுப்புல வெச்சாங்க. உங்களுக்கு வேணும்னா கூரைய அவிச்சுத் தர்றேன்."

கேப்டன் சிரித்தான். "நிலவறையில எதாவது இருக்குமே? உங்க ஆளுங்க பீப்பாய் பீப்பாயா முட்டைக்கோஸ் போட்டு வெப்பாங்களாமே."

அந்தப் பீப்பாய் கெசாயாவின் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

"அய்யோ, அது கெட்டுப்போச்சு, நீங்க எதுக்குக் கீழ போகணும்? இருங்க, இருங்க, இதோ இருக்கு" என்று ஒட்டிலியா அலமாரிக்கு ஓடினாள். ஒரு தகர டப்பாவின் மூடி கறீச்சென்றது.

அந்த மூடியின் சத்தம் கெசாயாவுக்குத் தெரியும். அதில் என்ன இருக்கிறது என்றும் தெரியும். வேண்டாம்மா, அதை மட்டும் கொடுக்காதீங்க என்று அவள் உள்ளுக்குள் கதறினாள்.

டப்பாவில் இருந்தது அடித்த பிஸ்கட். சண்டைக்கு முந்தின நாள் நீலச்சட்டைக் குதிரைப்படை ஊருக்குள் வந்தபோது, அவர்களுக்குக் கொடுக்கக் கெசாயா செய்ததில் மிஞ்சியது. மாவும் பன்றிக்கொழுப்பும் உப்பும் கொஞ்சம் பாலும்தான். பிசைந்த மாவை மரக்கட்டைமேல் போட்டு, கோடாரியைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் அரைமணி நேரம் அடிக்க வேண்டும். அடித்து மடித்து, அடித்து மடித்து, மாவில் கொப்புளம் கட்டிப் படபடவென்று வெடித்தால்தான் பதம். வர்ஜீனியாப் பக்கத்து விருந்துகளில் அது இல்லாமல் மேஜை இல்லை. அடிப்பதற்கென்றே ஆளை விலைக்கு வாங்கி வைத்திருக்கிற ஊரில்தான் இப்படி ஒரு பலகாரம் பிறக்கும். தன் கையால் அடிக்கவேண்டும் என்றிருந்தால் எந்த எஜமானி இதைக் கண்டுபிடித்திருப்பாள்? பென்சில்வேனியா டச்சுக்காரிகளுக்குப் புளித்த ரொட்டி தெரியும், ஆப்பிள் பணியாரம் தெரியும். இது தெரியாது. ஒட்டிலியாவுக்கு இதெல்லாம் தோன்றவே இல்லை. தின்பதற்கு ஒன்று இருந்தது, கொடுத்தாள்.

மேலே மெல்லும் சத்தம். கேப்டன் ஒன்றைச் சமையல்காரனுக்கும் போட்டிருக்க வேண்டும். அடுத்த நொடியே அந்த வெறுங்கால்காரன் கூவினான்.

"எஜமான்! நம்ம ஊர் பிஸ்கட்டு எஜமான்! பாருங்க, வெளிய கல்லு, உள்ள பஞ்சு! நம்மவ யாரோ அடிச்ச மாவு இது! இந்தக் கைய எனக்குத் தெரியாதா..."

அவ்வளவு சந்தோஷமாக ஒரு குரலை அந்த மூன்று நாளில் கெசாயா கேட்டதில்லை. அது பாதியிலேயே நின்றது. தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே அப்போதுதான் உறைத்திருக்கும். கீழே பிள்ளை கெசாயாவின் விலாவில் ஓங்கி ஓர் உதை விட்டது.

"அம்மா," என்றான் கேப்டன் நிதானமாக. "இத யாரு பண்ணா?"

"நான்தான்."

"டச்சுக்காரங்களுக்கு இது எப்படித் தெரியும்?"

"தெக்க பால்ட்டிமோர்ல என் சித்தி இருந்தா. அவ சொல்லிக் குடுத்தா." ஒட்டிலியா வேகமாகச் சொன்னாள். பொய் சொல்லும்போது அவள் குரல் ஒரு கட்டை ஏறிவிடும். கெசாயாவுக்கு அது தெரியும். கேப்டனுக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமே என்று அவள் தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னாள்.

"நல்லதாப் போச்சு. எங்கிட்ட மாவு இருக்கு, கொழுப்பு இருக்கு. எனக்கு இன்னும் கொஞ்சம் பண்ணிக் குடுங்களேன். நான் இங்கயே உக்காந்து பாக்கறேன். சின்ன வயசுல எங்க வீட்டுச் சமையக்கட்டுல உக்காந்து பாத்தது."

"நானே அடிச்சுத் தர்றேனே எஜமான்," என்றான் சமையல்காரன். குரலில் சந்தோஷம் செத்துப்போயிருந்தது.

"நீ வாய மூடு. அம்மா அடிக்கட்டும்."

மாவு பிசையும் சத்தம். பிறகு, தொப், தொப் என்று மெத்தென்ற சத்தம். மாவு உருட்டும் கட்டையை வைத்துத் தட்டுகிறாள் என்று கெசாயாவுக்குப் புரிந்துவிட்டது. தூங்குகிற குழந்தையைத் தட்டுவதுபோலத் தட்டினாள் ஒட்டிலியா. பாவம், கெசாயா பின்கட்டில் மாவு அடிக்கும்போதெல்லாம் தலை வலிக்கிறது என்று மாடிக்குப் போய்விடுகிறவள் அவள். அடிப்பதை ஒருநாளாவது நின்று பார்த்திருந்தால்தானே?

கேப்டன் மெதுவாகச் சிரித்தான். "எங்க ஊர்ல இப்படி அடிச்சா அந்த மாவு அடுத்த கிறிஸ்துமஸுக்குத்தான் பதமாகும்."

"அம்மாவுக்குக் கோடாரி கிடைக்கல போல எஜமான்," என்றான் சமையல்காரன் அவசரமாக. "கோடாரி முதுகாலதானேம்மா அடிப்பீங்க? இவ்வளவு சண்டைக்கு நடுவுல அது எங்க இருக்கோ..."

"ஆமா, ஆமா, கோடாரி! அதேதான்!" ஒட்டிலியா அந்தச் சொல்லைப் பிடித்துத் தொங்கினாள். "கோடாரி விறகோட கீழ..." என்று சொல்லிவிட்டு நின்றாள்.

நின்று என்ன பயன்? சொல் போய்விட்டது.

"டேய்," என்றான் கேப்டன். "கீழ போய் எடுத்துட்டு வா. போறதுதான் போற, வேற என்ன இருக்குன்னும் நல்லாப் பாத்துட்டு வா."

நிலவறைக் கதவு திறந்தது. படிகளில் மெழுகுவர்த்தி வெளிச்சம் ஆடிக்கொண்டே இறங்கியது. கெசாயா கோடாரியைத் தலைக்குமேல் தூக்கினாள். ஒரு மனிதனின் மண்டையில் இதை இறக்க வேண்டும், இறக்கினாலும் வாசலில் இரண்டு பேர் இருக்கிறார்கள், இறக்காவிட்டால் வண்டி, கயிறு. அவளுக்கு இதற்குமேல் ஒன்றும் ஓடவில்லை.

அவன் விறகைப் பார்த்தான், ஜாடிகளைப் பார்த்தான், பீப்பாயைச் சுற்றி வந்தான். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. நாற்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள், எஜமானின் பழைய கோட்டு முழங்கால்வரை தொங்கியது. கோடாரியைப் பார்த்தும் அவன் பின்வாங்கவில்லை. மெழுகுவர்த்தியைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"தங்கச்சி," என்றான், உதடு மட்டும் அசைய. "அடிச்சுடாத. வாய விட்ட நாய் நான்தான்."

அவளால் கையை இறக்க முடியவில்லை. தூக்கியது தூக்கியபடியே நின்றது.

அவன் மேலே பார்த்துக் கத்தினான். "ஒரே இருட்டா இருக்கு எஜமான்! விறகத் தள்ளிப் பாக்கறேன்!" காலால் இரண்டு கட்டையை உருட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "என் பெண்டாட்டி இப்படித்தான் அடிப்பா. வாயில வெச்சதும் அவ வந்து பக்கத்துல நின்ன மாதிரி ஆயிடுச்சு. யோசிக்காமக் கத்திட்டேன். இந்த நாக்க அறுத்துப் போடணும்."

"அவங்க எங்க?" கெசாயாவுக்குத் தன் குரலே அடையாளம் தெரியவில்லை. மூன்று நாளில் பேசிய முதல் சொல் அது.

"போன வருஷம் வித்துட்டாங்க. ஜார்ஜியாங்கறாங்க. அதுக்கும் கீழங்கறாங்க." அவன் அவள் வயிற்றைப் பார்த்தான். "எத்தன மாசம்?"

"எட்டு."

"கோடாரியக் குடு தங்கச்சி."

"இதக் குடுத்துட்டா எங்கிட்ட ஒண்ணுமில்ல."

"குடுக்கலன்னா அந்தம்மா மாட்டிக்குவா. அவ மாட்டுனா நீ. எப்படி அடிக்கணும்னு நான் அவளுக்குப் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்துடறேன். குடு."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்தும் அவள் விரல்கள் பிடியை விடவில்லை. அவன்தான் ஒவ்வொரு விரலாக, வலிக்காமல், பிரித்து எடுத்தான். எடுத்தவன் போயிருக்கலாம். போகவில்லை. குந்தி உட்கார்ந்து செங்கல் வளைவுக்குள் எட்டிப் பார்த்தான். அவள் சாக்குக்குப் பக்கத்தில், சுவரோரம், கொஞ்சம் இடம் காலியாக இருந்தது.

"இங்க இன்னொரு ஆள் உக்காரலாம்போல இருக்கே," என்றான்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் மேலே பலகையைப் பார்த்தாள்.

"என்ன பேசறீங்க?"

"இவங்க ஓடப்போறாங்க தங்கச்சி. இன்னிக்கோ நாளைக்கோ. அந்த மேட்டுல இவங்களால ஏற முடியல. செத்தவங்கள அள்ள வண்டி இல்ல. ஒரே ஒரு ராத்திரி தாண்டிட்டா போதும். நான் சத்தமே போடமாட்டேன். மூச்சுகூட விடமாட்டேன்."

மேலே கேப்டனின் கைத்தடி பலகையில் டொக் டொக்கென்று இடித்தது. "டேய்! கோடாரியக் கொல்லன்கிட்டச் சொல்லி அடிச்சு வாங்கிட்டு வர்றியா?"

"வந்துட்டேன் எஜமான்! விறகுக்கு அடியில மாட்டிக்கிச்சு!"

வந்துட்டேன் என்றானே ஒழிய, நகரவில்லை. அந்தச் சின்ன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க மேல போகலன்னா அவங்க கீழ வருவாங்க," என்றாள் கெசாயா.

"தெரியும்."

"வாசல்ல ரெண்டு பேர் நிக்கறாங்க."

"தெரியும் தங்கச்சி."

கெசாயாவும் ஒரு காலத்தில் இப்படி நின்றவள். எல்லைக்கு இந்தப் பக்கம், பனியில், முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, திறப்பார்களா என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். திறந்தார்கள். திறந்ததால்தான் இன்று எஃப்ரையிம், இந்த வயிறு, எல்லாம். அது அவளுக்கு நன்றாக ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தும், பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. தடி மறுபடி இடித்தது. பூட்ஸ் ஒன்று எழுந்து ஓர் அடி வைத்தது.

"போங்கண்ணே," என்றாள்.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"போங்கண்ணே, போங்க. உங்க கால்ல விழறேன், போயிடுங்க." சொல்லிக்கொண்டே அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். பலமாகத்தான் தள்ளினாள். அவன் தடுமாறி எழுந்து ஓர் அடி பின்னால் போய் நின்றான்.

"சும்மாதான் கேட்டேன்," என்றான்.

மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு படியேறினான். கதவைச் சாத்துவதற்கு முன்னால் அவன் சொன்னது கேட்டது. "ஒண்ணுமில்ல எஜமான். எலியும், அழுகின முட்டைக்கோஸும்தான். அந்த நாத்தத்துல நின்னா குடல் வெளிய வந்துடும்."

இருட்டில் கெசாயாவின் கை வெறுமையாக இருந்தது. மேலே ஒட்டிலியா கோடாரியால் அடிக்கத் தொடங்கினாள். முதல் நாலைந்து அடி பூனை குதித்ததுபோல விழுந்தது.

"அம்மாவுக்கு இந்த மூணு நாள் கலவரத்துல கை தளர்ந்துபோச்சு," என்று அவன் குரல். "உங்களுக்குப் புடிக்காத ஆள் யாராவது இருக்காங்களாம்மா? அவங்க மண்டைன்னு நெனச்சுக்கிட்டு அடிங்க. எங்க வீட்டுல அப்படித்தான் அடிப்போம்."

கேப்டன் வாய்விட்டுச் சிரித்தான். "யார் மண்டைன்னுடா நெனப்பீங்க?"

"கழுதை மண்டை எஜமான். வேற யாரு?"

ஒட்டிலியா யாரை நினைத்தாளோ, அதன்பிறகு விழுந்த அடியில் நிலவறைக் கூரையிலிருந்து மண் கொட்டியது. மடிங்கம்மா, இப்போ திருப்பிப் போட்டு, ஆங், அப்படித்தான், உங்க சித்தி நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காங்க என்று அவன் பேசிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "பதம் வர நேரத்துல நான் கை மாத்திக்கட்டுமா எஜமான்? அம்மா விழுந்துடப்போறாங்க." கேப்டன் ம் என்றான்போல இருக்கிறது. அடி மாறியது.

அது வேறு அடி. ஒரே சீராக, அவசரமில்லாமல், ஒன்றின் வால் பிடித்து இன்னொன்றாக வந்தது. கெசாயா பிறந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விடியலில் இந்தச் சத்தத்தில்தான் கண் விழிப்பாள். அவள் அம்மா அடிப்பாள். அம்மாவை அங்கேயே விட்டுவிட்டு வந்தவள் அவள். வாயில் சாக்கைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் பீரங்கிகள் வெடித்தன. ஒன்று, இன்னொன்று, அப்புறம் எத்தனை என்று சொல்ல முடியாது. இத்தனை நாள் கேட்டதெல்லாம் சத்தமே இல்லை என்று ஆக்கிவிட்டது அது. தரை உதறியது. பீப்பாயின் மூடி தானாகத் துள்ளியது. ஜாடிகள் ஒவ்வொன்றாக விழுந்து உடைந்தன. வாசலில் யாரோ கேப்டனைக் கூவி அழைத்தார்கள், பூட்ஸ்கள் ஓடின, கதவு அறைந்தது. மாவு அடிக்கிற சத்தம் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டு, செங்கல் இடிந்து தலையில் விழட்டும், ஆனால் கதவு மட்டும் திறக்கவேண்டாம் என்று வேண்டிக்கொண்டாள். பிறகு பீரங்கி ஓய்ந்தது. தூரத்தில், தெற்கே, ஆயிரம் தொண்டைகள் சேர்ந்து கத்துவது காற்றில் வந்தது. அதுவும் ஓய்ந்தது. கதவு திறக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஒட்டிலியா படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். "கெசாயா! ஏடி கெசாயா! போயிட்டாங்கடி! தெருவுல ஒருத்தன் இல்ல! ஊரக் காலி பண்ணிட்டு மேற்கால போயிட்டாங்க! எழுந்திரு, மெதுவா, என் தோளப் புடிச்சுக்கோ!"

மேலே வெளிச்சம் கண்ணைக் குத்தியது. சமையலறை முழுக்க மாவு சிந்திக் கிடந்தது. ஒட்டிலியா அவளை நாற்காலியில் உட்காரவைத்து, தன் உள்ளங்கைகளை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருடி! மாவுல வந்த கொப்புளத்தவிட என் கையில வந்தது ஜாஸ்தி! என் ஜென்மத்துல இப்படி அடிச்சதில்ல. அந்தாளு என் கையையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். ஒரு அடி தப்பா அடிச்சிருந்தா நீ காலி, நானும் காலி. கடைசில அவனே, அம்மா உங்க சித்தி கெட்டிக்காரிதான்னான்! வேகாத மாவக்கூட விடல, துணியில சுத்தி எடுத்துக்கிட்டுப் போயிட்டான். உன்ன நான் காப்பாத்திட்டேன்டி!"

"ஆமாம்மா," என்றாள் கெசாயா. அதுவும் உண்மைதான். ஒட்டிலியாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள். "அவர் பேர் என்னம்மா?"

"ஹாக்லி. கேப்டன் ஆம்ப்ரோஸ் ஹாக்லி. பெரிய பண்ணையாம், அப்பா நீதிபதியாம். எதிரியா இருந்தாலும் சொல்லணும், மரியாதை தெரிஞ்ச மனுஷன்."

"அவர் இல்லம்மா. கூட வந்தவரு."

"வாசல்ல நின்னானுங்களே, அவனுங்களா?"

"கோடாரி எடுக்கக் கீழ வந்தாரே."

"ஓ, அந்தச் சமையக்காரனா?" ஒட்டிலியா ஊதி ஊதிக் கையை ஆற்றிக்கொண்டாள். "அவன் பேர் யாருக்குத் தெரியும்? டேய், டேய்னுதான் கூப்புட்டான். ஏன்டி, உங்கிட்ட எதாவது வம்பு பண்ணானா?"

"இல்லம்மா," என்றாள் கெசாயா.

நேற்று கீழே, அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து அவளே கேட்டிருக்கலாம். கேட்கிற அளவுக்கு நேரமும் இருந்தது. அப்போது அவளுக்கு அவன் பெயர் வேண்டியிருக்கவில்லை. அவன் போனால் போதும் என்று இருந்தது.